வாயில் வைக்காத குழம்பு

1

என் அண்ணன் மகள் காமு நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் போட்டிருந்தாள். அப்பளமும் வடகமும் போட்டு விற்கிறாளாம். ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மனசு விட்டுப் போச்சாம். "அத்தை, நீங்கள் கடல் தாண்டிப் போய்க் கடை போட்டு நின்றவர்கள். உங்களுக்கு யார் துணை இருந்தார்கள்? எனக்கு இங்கே ஆளாளுக்குத் தைரியம் சொல்கிறார்கள், அப்பளம் மட்டும் அப்படியே அடுக்கி இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். பதிலைத் தனக்கு மட்டும் எழுதாமல், தான் வாங்கிப் படிக்கிற மாதர் பத்திரிகைக்கே எழுதச் சொல்லியிருக்கிறாள். தெருவில் இன்னும் நாலு பெண்கள் அவளைப் போலவே திண்டாடுகிறார்களாம்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. பினாங்குக்கு வந்த பிறகு மல்லி மூட்டை, மிளகாய் மூட்டை மேலே எழுதியிருக்கிறதைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்ட எழுத்து. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். பசாரில், அதாவது மார்க்கெட்டில், என் கடையை மத்தியானம் மூடிவிட்டு வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, டத்தோ கிராமாட்டில் இருக்கிற இந்த வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவேன். தினம் பத்து வரி. அவசரம் யாருக்கு?

எழுத்து பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மகன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, ஈப்போவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறான். மாதம் ஒரு கடிதம் தவறாது. ஆனால் அது இங்கிலீஷ். அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரைப் படிக்கச் சொல்லித்தான், பெற்ற பிள்ளை சுகமாக இருக்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. தமிழில் எழுதடா என்றால், "எழுத்து மறந்துபோச்சம்மா" என்கிறான். நான் மூட்டையைப் பார்த்துப் படித்தேன், அவன் பள்ளிக்கூடம் போய் மறந்தான். இருக்கட்டும். காமு கேட்டதுக்கு வருகிறேன்.

2

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டார். கல்யாணமான ஆறாம் மாதம் கப்பல் ஏறினவர், ஐந்து வருஷம் கழித்துத்தான் என்னை அழைத்துக்கொண்டார். துறைமுகத்து அரிசிக் கிடங்கில் மூட்டை இறக்குகிறதை மேற்பார்க்கிற வேலை. நாங்கள் சைவ வீடு. மீன், கறி, முட்டை எதுவும் வாசற்படி தாண்டி வராது. நான் வந்து இறங்கின அன்றைக்கு அவர் நெற்றி நிறைய விபூதியோடு துறையில் நின்றார். இப்போதும் கண்ணை மூடினால் அந்த நெற்றிதான் தெரியும்.

மகனுக்கு நாலு வயசு இருக்கும்போது அடுக்கின மூட்டை சரிந்து அவர் இடுப்பில் விழுந்துவிட்டது. உயிர் தப்பியது, நடை போச்சு. கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் கம்பு ஊன்றி வருவார், அவ்வளவுதான்.

அவருடைய பெரியப்பா மகன் இங்கே துணிக்கடை வைத்து நல்ல நிலையில் இருந்தார். எனக்கு மூத்தார் முறை. அவர் எதிரில் நான் நிற்கமாட்டேன், கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன். இரண்டு மாதம் அரிசி கொடுத்தார், குறை சொல்லக்கூடாது. பிறகு ஒருநாள் வந்து, "ஊருக்கே போயிடுங்க. டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன். அவ அண்ணன் வீடு இருக்கு" என்றார்.

அண்ணன் வீடு இருந்தது. போனால் சோறும் இருந்தது. ஆனால் நடக்க முடியாத புருஷனையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அண்ணி அடுப்படியில் போய் நிற்கிறதா? காமு, உன் அம்மா நல்லவள்தான், கோபித்துக்கொள்ளாதே. என்னால் அப்படி நிற்க முடியாது, அது என் சுபாவம். கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒரு வருஷம் தவணை குடுங்க. அம்மி போட்டுப் பிழைச்சுக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். "சரி, வர்ற தைப்பூசம் வரைக்கும். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது."

அம்மி போடுகிறது என்றால் இங்கே ஒரு தொழில். வீட்டில் அரைக்க நேரமில்லாதவர்கள் பசாரில் அரைத்த மசாலா வாங்கிப் போவார்கள். மஞ்சள், மிளகாய், மல்லி, சோம்பு சீரகம் என்று தனித்தனியாக ஈரமாய் அரைத்து, தாம்பாளத்தில் குவித்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்போம். "மீன் குழம்பு, நாலு பேருக்கு" என்று வந்து நிற்பார்கள். ஒவ்வொரு குவியலிலும் கையால் அளந்து எடுத்து, வாழையிலையில் மடித்துக் கொடுக்க வேண்டும். அந்த அளவில்தான் தொழில் இருக்கிறது.

அதுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று ஆபீசுக்குப் போனேன். கிராணி மலையாளத்துக்காரர். "புருஷன் பேர்?" என்றார். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? "மதுரையில இருக்கிற சாமி பேரு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிவிட்டார். வெளியே வந்து வேறொருவரிடம் காட்டினபோது, 'மதுரைசாமி' என்று எழுதியிருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் பேர் சொக்கலிங்கம். இப்போது எழுதலாம், எழுதுகிறது வேறே, வாயால் சொல்கிறது வேறே. திருப்பிப் போய் மாற்றச் சொன்னால் அந்தப் பேரை வாயால் சொல்ல வேண்டுமே! விட்டுவிட்டேன். அந்த ஆபீசில் கடைசி வரைக்கும் நான் மதுரைசாமி பெண்சாதி.

3

என் அரைப்பைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். வெண்ணெய். விரலில் எடுத்துத் தேய்த்தால் ஒரு திப்பி அகப்படாது. முதல் மாதம் கூட்டம் வந்தது. மலாய்க்காரப் பெண்கள் வந்தார்கள், நோன்யா என்று சொல்கிற இந்த ஊர்ச் சீன வீட்டு அம்மாக்கள் வந்தார்கள், துலுக்க வீட்டுச் சமையல்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரு தரம் வந்தார்கள். மறுதரம் வரவில்லை. அதுதான் விசேஷம்.

மூன்றாம் மாதத்துக்குள் தாம்பாளத்தில் பாதி மிஞ்ச ஆரம்பித்தது. மிஞ்சினதை அடுத்த நாள் விற்க என் மனசு ஒப்பாது. கால்வாயில் கொட்டுவேன். முந்தின நாள் முழுக்கக் குழவி இழுத்த கை அப்படியே வலிக்கும், அதே கையால் கொட்டுவேன். தண்ணீர் மஞ்சளும் சிவப்புமாய் ஓடும். அதைப் பார்க்கிறதுக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டின நாளும் உண்டு.

துணை கேட்காமல் இல்லை, காமு. எல்லாரிடமும் கேட்டேன். கோயில் காரியதரிசியிடம் போனேன். "நம்ம இனத்துப் பெண் ஒருத்தி தொழில் செய்யறது எவ்வளவு பெருமை!" என்று அரை மணி நேரம் பேசினார். கேட்கிறபோது நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்தபோது தாம்பாளம் அப்படியேதான் இருந்தது. திருஷ்டி என்று ஒருவர் சொன்னார், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த வீட்டு மீனாட்சியக்கா தினமும் என் மசாலாவில் கூட்டு வைத்து, "உன் கையில அமிர்தம்டி சிவகாமி" என்பாள். கோயில் பக்கத்துச் சைவக் குடும்பங்கள் எல்லாம் அப்படியே சொன்னார்கள். அமிர்தமாக இருந்தால் ஏன் விற்கவில்லை? ஜனங்களுக்கு ருசி தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் ஒரு மண் சட்டியில் எப்போதும் காயத் தண்ணீர் இருக்கும். அண்ணன் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கட்டிப் பெருங்காயம் கொடுத்தனுப்புவார். அதைக் கரைத்து வைத்து, அதில் கையை நனைத்து நனைத்துத்தான் ஒவ்வொரு குவியலையும் தொடுவேன். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள். அந்த வாசனை வந்தால், உப்புக்காற்றடிக்கிற எங்கள் தெரு, பன்னிரண்டு மணிக் கோயில் மணி, வெண்கலப் பானையில் ரசம் நுரை கட்டுகிறது எல்லாம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். வேறு நாட்டுப் பசாரில் சேற்றில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

4

எனக்கு எதிர்வரிசையில் அஞ்சலை என்று ஒரு மீன்காரி. பெற்றோர் நம் கடற்கரைப் பக்கம், இவள் பிறந்தது இங்கே, பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். குரல் பசாரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும். நான் அவளோடு பேசுகிறதில்லை. ஊரில் என்றால் எங்கள் தெருவுக்குள் அவள் வரமாட்டாள். இங்கே எதிரே உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு உள்ளூர ஒரு எரிச்சல். அவள் பக்கத்துக் காற்று பட்டாலே வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பேன்.

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் தாம்பாளத்தை மூடும்போது எழுந்து நேரே வந்தாள்.

"ஆச்சி, இன்னிக்கும் மசாலா வீட்டுக்குத் திரும்பிப் போவுதா?"

"உனக்கென்ன? உன் மீனைப் பாரு."

"என் மீனைத்தான் பாக்குறேன் லா. எங்கிட்ட மீனு வாங்கி, உங்ககிட்ட மசாலா வாங்கிட்டுப் போனவ, மறுநா வந்து 'நாறின மீனக் குடுத்துட்டே'ன்னு என்னைத் திட்டுறா. நேத்து ஒருத்தி சட்டியோட கொண்டாந்து காட்டுறா. படகுலேர்ந்து எறங்கின மீனு ஆச்சி, இன்னும் கண்ணு முழிச்சிக்கிட்டு இருந்துச்சு!"

"என் மசாலாவை ஊரே மெச்சுது."

"எந்த ஊரு? மீனு திங்கிற ஊரா?"

கோழிக்காரன் சிரித்தான். கீரை விற்கிற மலாய்க்காரம்மாவுக்குத் தமிழ் புரியாது, அவளும் சிரித்தாள்.

"இந்தத் தண்ணிதான்" என்று என் காயச் சட்டியைக் காட்டினாள் அஞ்சலை. "இது மீனுக்கு ஆவாது. நோன்யாம்மாங்க மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாங்க, நீங்க பாக்கலையா? உங்க வாய்க்குப் பயந்துக்கிட்டு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சொல்லக்கூடாத வார்த்தை சொன்னேன். அவள் பிறப்பைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகையில் எழுதக்கூடிய வார்த்தை இல்லை.

அஞ்சலை குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் பொறப்பப் பத்தி என்ன வேணாப் பேசுங்க ஆச்சி. அந்தத் தண்ணிய மட்டும் கொட்டிருங்க."

5

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது மெதுவாகச் சொன்னார்.

"அவ சொல்றது சரிதான் சிவகாமி."

"என்னது?"

"காயம் பருப்புக்குச் சேரும், காய்க்குச் சேரும். மீனுக்குச் சேராது. உள்ள இருக்கிற கவிச்சியக் கெளப்பி விட்டுரும். மல்லியும் நீ சாம்பாருக்குப் போடற மாதிரி அள்ளிப் போடறே. மீனுக்கு மிளகாய் முன்னால நிக்கணும்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேனே, யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. தின்னுருக்கேன்."

நான் வருகிறதுக்கு முந்தின ஐந்து வருஷமும் கிடங்கு ஆட்களோடு ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறார். நான் வருகிற செய்தி வந்ததும் நிறுத்திவிட்டு, விபூதியைப் பூசிக்கொண்டு துறைக்கு வந்திருக்கிறார்.

மீன் தின்றதுகூட எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. மாதக்கணக்காக நான் அரைத்ததைக் கால்வாயில் கொட்டிவிட்டு வருகிறேன். இந்த மனுஷர் கட்டிலில் இருந்தபடி அந்த வாசனையை முகர்ந்துகொண்டு, என்ன குற்றம் என்று தெரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"ஏன் சொல்லலே?"

"மீன்காரி காத்துப் பட்டதுக்கே தலைக்குக் குளிக்கிறவ நீ. உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைப்பேன், எடுப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மியைக் கழுவிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்: "மல்லி எவ்வளவு குறைக்கணும்?"

6

அஞ்சலையிடம் போய் நின்றது அதைவிடக் கஷ்டம். மன்னிப்பு என்கிற வார்த்தை என் வாயில் வராது. "நான் அன்னிக்குப் பேசினது பேச்சில்ல" என்றேன். "பரவால்ல ஆச்சி, அதவிட மோசமா எங்க மாமியா பேசும்" என்றாள். அதோடு முடித்துவிட்டாள். நான் இன்னும் முடிக்கவில்லை, இத்தனை வருஷம் கழித்தும்.

அவளுக்கும் என் கடை நேராக வேண்டும், இல்லாவிட்டால் அவள் மீனுக்குக் கெட்ட பேர். அதனால் ஏற்பாடு சுலபமாக முடிந்தது. நான் அரைத்து ஒரு பொட்டலம் கொடுப்பேன். அவள் தன் வீட்டில் குழம்பு வைத்து, சாயங்காலம் சட்டியோடு எங்கள் கொல்லைப்புறம் வருவாள். என் வீட்டுக்காரர் கம்பு ஊன்றி வந்து பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார். நான் கிணற்றுப் பக்கம் திரும்பி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

"ம்ம்... கானாங்கெளுத்திக்கு இது சரி. காரம் மட்டும் பின்னால வருது, முன்னால வரணும்."

"ஐயாவுக்கு நாக்கு நல்லா இருக்கு லா!" என்பாள் அஞ்சலை. "ஆச்சி, இந்தப் பக்கம் திரும்புங்க, மீனு ஒண்ணும் கடிக்காது."

"நீ பேசாம இரு."

"சோம்பு கூடிப்போச்சு" என்பார் அவர். "இது கறிக்குப் போற மசாலா."

இப்படிச் சுவரைப் பார்த்து நின்றபடி காதால் தொழில் படித்தேன். நோன்யாக்களுக்கு எலுமிச்சம்புல் தட்டிப் போடவேண்டும் என்று அஞ்சலை சொன்னாள். காயத் தண்ணீருக்குப் பதில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டேன். முதல் நாள் வெறும் தண்ணீரில் கையை நனைத்தபோது அழுகை வந்துவிட்டது. கையில் வாசனையே இல்லை. ஊர் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து காயம் என் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான்.

வந்தவர்கள் இரண்டாம் தரம் வந்தார்கள். அதைத்தான் பத்து மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போன ஒரு வயசான நோன்யா, ஒருநாள் இலையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, கூடையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

காமு, நீ கேட்டாயே துணை என்று. உன் அப்பளத்தை நல்லாயிருக்கிறது என்கிறவர்கள் நல்லவர்கள்தான், அவர்களை விட்டுவிடாதே, மனசுக்கு வேண்டும். ஆனால் ஒரு தரம் வாங்கிவிட்டு மறுதரம் வராமல் போகிறாளே, அவள் வீடு எது என்று தேடிப் போ. வாசலில் நின்று கேள். அவள் சொல்கிறதைக் கேட்டுவிட்டு, பதில் பேசாமல் திரும்பி வா. பதில் பேசாமல் என்கிறதுதான் கஷ்டம். உனக்கும் என் வாய்தான் என்று உன் அப்பா எழுதியிருந்தார்.

7

தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால் மூத்தார் வந்தார். கையில் டிக்கெட்டு. மூன்று பேருக்கும் எடுத்துவிட்டாராம். அவர் சொன்ன சொல் தவறாதவர், அது வரைக்கும் மரியாதை. சாயங்கால வேளை. அஞ்சலை அப்போதுதான் சட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தாள். கொல்லையில் என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டு அப்படியே கிடந்தது. வந்தவரின் குரல் கேட்டு, அவர் அவசரமாய்க் கையைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"கடை இப்ப நல்லாப் போகுதுண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு மாசம் போகும். அப்புறம்? பொம்பளை உழைப்பில எத்தனை நாள் உக்காந்து சாப்பிடுவே? ஊருக்குப் போ."

என் வீட்டுக்காரர் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சின்ன வயசில் அப்பா இல்லாமல் அந்தப் பெரியப்பா வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர். தலையைக் குனிந்துகொண்டிருந்தார். போச்சு, கப்பல்தான் என்று நினைத்தேன்.

மூத்தார் செம்பை எடுக்கப் போனவர் நிறுத்தினார். மூக்கைச் சுளித்தார்.

"என்னடா இது, மீன் கவிச்சி? பக்கத்து வீடா?"

பக்கத்து வீடுதான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பொய் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"பக்கத்து வீடு இல்லேண்ணே. என் தட்டு."

மூத்தார் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"நான் மீன் சாப்பிடறவண்ணே. இவ வர்றதுக்கு முன்னாலேயே சாப்பிட்டவன். இவ அரைக்கிற மசாலாவ இவ வாயில வைக்க மாட்டா. நான்தான் ருசி பாத்துச் சொல்றேன். கால் இல்லாட்டியும் நாக்கு இருக்கு. என்னைக் கப்பல் ஏத்தினா கடை போயிடும். நாங்க வரல்லே."

மூத்தார் எழுந்தார். செம்பைத் தொடவில்லை. "இனிமே இந்த வீட்டுப் படி நான் மிதிக்க மாட்டேன்" என்றார். மிதிக்கவும் இல்லை. அவர் வீட்டு விசேஷங்களுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அவர் பிள்ளைகளின் கல்யாண ஊர்வலங்களை நாங்கள் தெருவோரத்தில் நின்று பார்த்தோம்.

அவர் போன பிறகு நான் கூடத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மூத்தார் தொடாத செம்பை எடுத்து நீட்டினேன். முழுக்கக் குடித்தார்.

"அண்ணன் போயிட்டார்" என்றார்.

"தெரியும்" என்றேன். கொல்லைப்புறம் போனேன். இலையோ பாத்திரமோ மீன் பட்டதை அதுவரைக்கும் நான் கையால் தொட்டதில்லை, அவரே உட்கார்ந்து கழுவி வைப்பார். அன்றைக்கு அந்தத் தட்டை நான் எடுத்தேன். மூக்கைப் பொத்தவில்லை. சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"சிவகாமி, இன்னிக்கு மல்லி இன்னும் ஒரு விரல் கூடத்தான் இருந்துச்சு."

மறுநாள் குறைத்தேன்.